கடல் வெருளியும் கோயில் வலையும்

மன்னார் என்று சொன்னதும் எல்லோரும் என்னிடம் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் நறுவிலிக்குளம். ஊரின் பெயரிலேயே குளம்தான் இருக்கிறது, கடல் இல்லை. கடல் ஒன்றும் வெகுதூரமில்லை. ஆனால் எங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் பரம்பரையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நாங்கள் நெல் விதைக்கிறவர்கள். மீன் சைக்கிள் பெட்டியில் வாசல் படலைக்கு வரும். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று என் அப்பா ஒருநாளும் விசாரித்ததில்லை.

இதை நான் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது. ஆனால் இருபத்தேழு வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. (இப்போது வருகிறது. அதை வரவழைத்த விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.)

அப்போது நான் கொழும்பில் ஒரு சின்னச் சுற்றுலாக் கம்பனியில் வழிகாட்டி. முதலாளி, நான், ஒரு பிரின்டர், இவ்வளவும்தான் கம்பனி. மூன்று பேரிலும் பிரின்டர்தான் கொஞ்சம் நேர்மை. வேலை செய்ய விருப்பமில்லாத நாளில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். டென்மார்க்கிலிருந்து ஒரு வயதான தம்பதி பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறார்களாம். கற்பிட்டியிலிருந்து வடக்கே போகும் வழியில் மன்னாரில் ஒருநாள் தங்கி, விலங்குகள், பறவைகள், ஊர் வழக்கங்கள் எல்லாம் பார்க்க வேண்டுமாம்.

"நீர் மன்னார்தானே?"

"ஓம் சேர்."

"கடல் பழக்கம் இருக்குத்தானே?"

"பிறந்து வளர்ந்ததே கடலிலதான் சேர்."

இப்படிக் கூசாமல் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் ஜெசிந்தா. மன்னார் டவுனில் வழிகாட்டிகளுக்கென்று மூன்று மாத வகுப்பு நடந்தபோது எங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்தவள். (என் ஆங்கிலத்தில் இன்றைக்கும் இருக்கும் பிழைகளுக்கு அவளும் ஓரளவு பொறுப்பு.) வகுப்பு முடிந்த பிறகும் நான் அவளிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை என்ற நிலைக்கு வந்திருந்தோம். மிச்சமிருந்தவர் அவளுடைய அப்பா மட்டும்தான்.

சவிரிமுத்து என்பது அவர் பெயர். மன்னார்க் கரையோரத்தில் அவர்களின் ஊரான தாழ்வுபாட்டில் சம்மாட்டியார் என்றால்தான் தெரியும். சொந்தமாக வள்ளமும் வலையும் உள்ளவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். மாப்பிள்ளை சைவக்காரன், வயற்காரன், என்ன வேலை செய்கிறான் என்று விளங்கப்படுத்தவும் முடியாதவன் என்ற மூன்று குறைகளையும் ஜெசிந்தா அவரிடம் மெல்ல மெல்லச் சொல்லி, "ஆளை ஒருக்கா வரச்சொல்லு, பாப்பம்" என்ற ஒரேயொரு வசனத்தை வாங்கி வைத்திருந்தாள். அதை வாங்க அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது.

"கோயில் திருநாளுக்கு முதல்நாள் வாங்கோ, வெஸ்பர் அண்டைக்கு," என்று தொலைபேசியில் சொன்னாள். வெஸ்பர் என்பது திருநாளுக்கு முந்தின மாலை கத்தோலிக்கக் கோயில்களில் நடக்கும் ஆராதனை. "அண்டைக்கு விடிய அப்பா கடலில கோயில் வலை படுப்பார். அது அப்பப்பா காலத்து நேர்த்திக்கடன். அந்த வலையில வாற மீன்தான் திருநாளுக்கு வாற சனத்துக்குச் சாப்பாடு. மற்ற வள்ளம் ஒண்டும் அந்தப் பக்கம் போகாது. அதை எடுத்திட்டா அப்பா நல்ல சந்தோசமா இருப்பார். அதுக்குப் பிறகு கதைக்கலாம்."

"ஓம் ஓம், தெரியும்," என்றேன்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. அந்த நேரம் நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று புதுக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருநாளுக்கு முதல்நாள் என்பது மட்டும் விளங்கியது. டென்மார்க் படகு மன்னாருக்கு வரும் நாளும் அதுதான். நான் எப்படி வரப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மற்ற மாப்பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள். நான் கடலால், பாய்மரப் படகின் முன்முனையில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி, வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வருவேன். கையில் கொழும்பில் வாங்கிய கேக் பெட்டி இருக்கும். சம்மாட்டியார் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "ஆரது?" என்று கேட்பார். இந்தக் காட்சியை நான் ஒரு மாதமாக ஒவ்வொரு நாளும் ஓட்டிப் பார்த்தேன்.

கற்பிட்டியில் படகு ஏறி அரை மணித்தியாலத்தில் காலைத் தூக்கி வைக்கும் எண்ணம் போய்விட்டது. தலையைத் தூக்கவே முடியவில்லை. காலையில் சாப்பிட்டது, முதல்நாள் சாப்பிட்டது, ஆண்டுத் தொடக்கத்தில் சாப்பிட்டது என்று எல்லாம் வரிசைப்படி வெளியே வந்தன. படகுக்காரர் லார்ஸ் உயரமான, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். அவர் மனைவி இங்கெர் எதைக் கண்டாலும் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறவர். என்னையும் பிடித்தார்.

"நீங்கள் கடலில் பிறந்தவர் என்றார்களே?" என்று லார்ஸ் கவலையோடு ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம். ஆனால் இது புத்தளம் மாவட்டத்துக் கடல்," என்றேன். "வேறு மாவட்டத்துக் கடல் எனக்கு ஒத்துவராது."

அவர் தலையாட்டினார். நல்ல மனிதர்கள், சொன்னதை நம்புவார்கள். நம்புகிறவர்களைக் கண்டால் என் வியாதி இன்னும் முற்றும். அடுத்தநாள் விடிய மன்னார்க் கரை தெரிந்தபோது தலைக்கு மேலாக ஒரு கூட்டம் பூநாரைகள் பறந்தன. அவை எங்கேயிருந்து வருகின்றன என்று இங்கெர் கேட்டார்.

"உங்கள் நாட்டிலிருந்துதான். குளிர் தாங்காமல் வருகின்றன."

"எங்கள் நாட்டில் நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லையே," என்றார் லார்ஸ்.

"எல்லாம் இங்கே வந்துவிட்டதால்தான்."

தாழ்வுபாட்டுக்கு நேரே ஆழம் குறைவு என்று பெரிய படகை வெளியே நங்கூரமிட்டுவிட்டு, எஞ்சின் பூட்டிய சின்ன றப்பர் படகில் மூன்று பேரும் கரைக்குப் புறப்பட்டோம். காலை எட்டு மணியிருக்கும். கடல் குளம் போலக் கிடந்தது. (எனக்கு அது குளம் போலத் தெரிந்ததுதான் பிரச்சினையின் தொடக்கம்.) வயிறு சரியாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் எழுந்து நின்றேன்.

கொஞ்சத் தூரத்தில் தண்ணீருக்கு மேல் வரிசையாகக் கம்புகள் ஆடிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

"அது என்ன?" என்றார் லார்ஸ்.

நீங்கள் ஒரு வயற்காரனாக இருந்து பாருங்கள். கம்பில் கறுப்புத் துணி கட்டியிருந்தால் அது என்ன? எங்கள் ஊரில் கதிர் முற்றும் காலத்தில் வயலுக்கு வயல் இதுதானே நிற்கும்? எனக்கு ஒரு கணம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வெருளி," என்றேன். "பறவை விரட்டுகிறது. இல்லாவிட்டால் கடற்காகங்கள் மீனையெல்லாம் தின்றுவிடும். எங்கள் முன்னோர்கள் ஆயிரம் வருடமாக இப்படித்தான் செய்கிறார்கள்."

"அற்புதம்," என்றார் இங்கெர், படம் பிடித்தபடி. "ஒன்றில் சின்னச் சிலுவையும் கட்டியிருக்கிறதே?"

"இது கத்தோலிக்க ஊர். வெருளியும் அப்படித்தான் இருக்கும்."

அப்போதுதான் அந்தக் கம்புகளுக்கு அப்பால் தண்ணீரில் ஏதோ எழும்பியது. கறுத்து, அகன்று, பளபளவென்று ஈரமாக, மெதுவாக எழும்பி மெதுவாகத் தாழ்ந்தது. திரும்பவும் எழும்பியது. புறப்படுவதற்கு முதல்நாள் நான் மன்னார்க் கடல் உயிரினங்களைப் பற்றிய கையேடு ஒன்றில் இரண்டு பக்கம் வாசித்திருந்தேன். அந்த இரண்டு பக்கமும் வீண்போகக் கூடாது.

"எஞ்சினை நிறுத்துங்கள்!" என்று கிசுகிசுத்தேன். "கடற்பசு! நல்ல அதிர்ஷ்டம் உங்களுக்கு. காண்பதே அரிது."

இங்கெருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. மூச்சை அடக்கிக்கொண்டு படம் பிடித்தார். நான் தாழ்ந்த குரலில் விளக்கம் கொடுத்தேன். "மிகவும் கூச்ச சுபாவம் உள்ளது. சுத்த சைவம். கடல் புல் மட்டும்தான் சாப்பிடும். கிழட்டு ஆணாக இருக்க வேண்டும், முதுகைப் பாருங்கள்."

கடற்பசு நிமிர்ந்து நின்றது. இடுப்பில் சாரம் கட்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்வான் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது நான் சொன்னது இதுதான்: "கடற்பசு மூழ்கிவிட்டது. இவர் அதற்குக் காவலாளி."

காவலாளி எங்களைக் கண்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒன்றும் கேட்கவில்லை. கரையிலும் நாலைந்து பேர் ஓடிவந்து அதேபோலக் கைகளை ஆட்டினார்கள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் லார்ஸ்.

"பாரம்பரிய வரவேற்பு. நாங்களும் அப்படியே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு."

மூன்று பேரும் கைகளைத் தூக்கி ஆட்டினோம். கத்தினோம். அவர் இன்னும் பலமாக ஆட்டினார். நாங்களும் சளைக்கவில்லை. லார்ஸ் ஒரு கையை ஆட்டியபடியே மறுகையால் எஞ்சினை முடுக்கி, அந்த அன்பான மக்களை நோக்கி, கறுப்புக் கொடிகளுக்கு நடுவால் நேரே விட்டார்.

எஞ்சின் ஒரு சத்தம் போட்டு நின்றது. படகு பின்பக்கமாக இழுபட்டது. முன்னால் நின்ற நான் மட்டும் நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீருக்குள் வலை காலைச் சுற்ற, "ஐயோ, தாழுறன், காப்பாத்துங்கோ!" என்று கத்தினேன். ஒரு கை வந்து என் சேட்டுக் கொலரைப் பிடித்துத் தூக்கியது.

"எழும்பி நில்லடா. தண்ணி இடுப்புக்குத்தான்."

நின்றேன். இடுப்புக்குத்தான்.

"வலை கிடக்குது, வலை கிடக்குது எண்டு தொண்டை கிழியக் கத்துறன், பேயனுகள் மாதிரிக் கையைக் காட்டிக்கொண்டு வாறியள்! கோயில் வலையடா! கொடி தெரியேல்லையோ?"

கோயில் வலை என்ற சொல் எங்கேயோ கேட்டது போல இருந்தது. எங்கே என்று நினைவு வந்து, என் கொலரைப் பிடித்திருந்தவர் யார் என்றும் விளங்கியதும், இடுப்பளவு தண்ணீரிலேயே உண்மையாகத் தாழ்ந்துபோக ஆசைப்பட்டேன்.

"ஆர் நீ? பேர் என்ன?"

"கு... குமார்," என்றேன். என் பெயர் நேசன்.

எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்த வலையைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதைச் சம்மாட்டியார் தன் கையாலேயே செய்தார். அறுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அப்பா தொடங்கிய நேர்த்தி. ஒரு வருடமும் தவறியதில்லை என்று பிறகு அறிந்தேன்.

கரையில் வலை வைக்கும் கொட்டிலுக்குள் எங்களைக் கூட்டிப்போனார்கள். வலைக்குச் சேதம் வந்தால் கடற்றொழிலாளர் சங்கம் உடனேயே விசாரிக்கும். சங்கத் தலைவர் சம்மாட்டியாரின் தம்பி. அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார், லார்ஸுக்கும் இங்கெருக்கும் கதிரை கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் நிற்க வேண்டும். ஆக, என்னுடைய வழக்குக்கு நானே மொழிபெயர்ப்பாளன். இதைவிட வசதி ஒரு குற்றவாளிக்குக் கிடைக்குமா என்று அந்த நிலைமையிலும் ஒரு சந்தோசம் வந்தது.

அப்போது அப்பாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு ஜெசிந்தா வந்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு, தலையில் கடற்பாசியோடு நின்ற என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் போத்தலை இறக்கி வைத்துவிட்டுத் தூணோடு சாய்ந்து நின்றாள்.

லார்ஸ் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசினார். "நாங்கள் மிகவும் வருந்துகிறோம். கொடிகளைக் கண்டோம். என்னவென்று வழிகாட்டியிடம் கேட்டோம். பறவை விரட்டும் வெருளி என்றார். வலை என்று தெரிந்திருந்தால் சுற்றிப் போயிருப்போம். எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பேற்கிறோம்."

"என்ன சொல்றார்?" என்றார் தலைவர்.

"மன்னிப்புக் கேக்கிறார். இந்தக் கடல் தங்களுக்குப் பழக்கமில்லையாம். அவசரத்தில ஓடிட்டினமாம்."

"கொடியைக் காணேல்லையோ எண்டு கேள்."

நான் லார்ஸிடம் திரும்பினேன். "கொடிகள் எப்படி இருந்தன என்று கேட்கிறார்."

"மிகவும் அழகாக இருந்தன," என்றார் லார்ஸ்.

"கண்டவையாம், கவனிக்கேல்லையாம்."

கொட்டிலுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சம்மாட்டியார் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவைக்கு விளங்காட்டி விளங்கப்படுத்தத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவை? நீ என்ன சொன்னனி?"

இந்தக் கேள்வியை எப்படி மொழிபெயர்ப்பது? "உங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறார்," என்றேன். லார்ஸின் முகம் மலர்ந்தது. பணப்பையிலிருந்து பேரப்பிள்ளைகளின் படத்தை எடுத்துச் சம்மாட்டியாரிடம் நீட்டினார். வலை கிழிந்த மனிதர் அந்தப் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா," என்றாள் ஜெசிந்தா. "நான் சொல்லட்டோ?"

அவள் சொன்னாள். ஒரு பாடத்தை வாசித்துக் காட்டும் குரலில், முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். லார்ஸ் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன என்று ஒவ்வொன்றாக. வெருளி என்ற இடத்தில் கொட்டில் அதிர்ந்தது. ஒரு மனிதர் சிரித்துச் சிரித்து வலைக்குவியலில் விழுந்துவிட்டார். பேச்சு ஏதோ சரியான பாதையில் போகிறது என்று நினைத்த இங்கெர், தன் பங்குக்குத் தொலைபேசியை எடுத்துச் சம்மாட்டியாரின் முகத்துக்கு நேரே பிடித்தார். "நாங்கள் கடற்பசுவையும் கண்டோம்!"

படத்தில் முதுகு எழும்பித் தாழ்ந்தது. என் குரல் தெளிவாகக் கேட்டது. ஜெசிந்தா அதையும் விடவில்லை. "கடற்பசுவாம் அப்பா. கூச்ச சுபாவமாம். சுத்த சைவமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கிழட்டு ஆணாம்."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சம்மாட்டியார் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையால் காட்டினார். பார்த்தார்.

"என்ர முதுகு இவ்வளவு பெரிசோ?" என்று தம்பியைக் கேட்டார்.

"இன்னொண்டும் கிடக்கு, அப்பா," என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. "இவற்ற பேர் குமார் இல்லை. இவர்தான் நேசன்."

சிரிப்பு நின்றுவிட்டது. எட்டு மாதம் அவள் கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஒரு வசனத்தை நான் எட்டு நிமிடத்தில் தொலைத்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. சம்மாட்டியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பார்வை என் ஒற்றைச் சப்பாத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"வலை கிழியிறதுதான். எத்தினை தரம் கிழிஞ்சிருக்கு," என்றார். "ஆனா இந்த ரெண்டு சனமும் ஒரு பிழையும் செய்யேல்ல. அவை உன்னை நம்பி வந்தவை. அவையின்ர தலையில போட்டிட்டு நிண்டியே, அதுதான்."

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை அவமானப்பட்டிருக்கிறேன். அன்றைக்குப் போல ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

சங்கத்தின் தீர்ப்பு ஒரே வசனம்: வெஸ்பர் மணி அடிக்க முதல் வலை திரும்பக் கடலில் கிடந்து மீனோடு வரவேண்டும். மற்றக் கதையெல்லாம் பிறகு.

எல்லோரும் வலையைப் பிரிக்க எழுந்தபோது இங்கெர் என் தோளைத் தட்டிக் கொட்டில் வாசலைக் காட்டினார். ஊர்க் கழுதை ஒன்று, றப்பர் படகிலிருந்து இறக்கி வைத்திருந்த என் கேக் பெட்டியைத் திறந்து, கேக்கை முடித்து, மட்டைப் பெட்டியைத் தின்னத் தொடங்கியிருந்தது. மன்னாரில் கழுதைகளுக்குக் குறைவில்லை. அன்றைக்கு ஒன்று அதிகமாகவே இருந்தது.

"இதுவும் ஒரு வழக்கமா?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். திருநாளன்று கழுதைக்கு முதல் பங்கு கொடுக்கும் ஐந்நூறு வருட மரபு ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜெசிந்தா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

கிழிந்த வலையைப் பொத்துகிறவர்களுக்கு அதை விறைப்பாகப் பிடிக்க ஒரு கால் பெருவிரல் வேண்டும். மற்றவர்கள் தங்கள் விரலில் மாட்டித் தாங்களே முடிச்சுப் போட்டார்கள். லார்ஸுக்குக் கயிற்று வேலை தண்ணிபட்ட பாடு. ஊசியை வாங்கி இரண்டு முடிச்சுப் போட்டுக் காட்டியதும் சம்மாட்டியார் அவருக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டார். இருவருக்கும் ஒரு பொதுச்சொல் கிடையாது. அதனால் ஒரு பிணக்கும் வரவில்லை. எனக்கு ஊசியைத் தர ஒருவரும் துணியவில்லை. என் பெருவிரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாலு மணித்தியாலம் நான் அந்த ஊருக்கு ஒரு பெருவிரலாகப் பணியாற்றினேன்.

மத்தியானம் ஜெசிந்தா எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"கோபமோ?" என்றேன்.

"ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. கோயில் வலையைப் பற்றி ஃபோனில சொன்னனான். ஓம் ஓம் தெரியும் எண்டனீங்கள். நான் சொன்னதைக் கேட்டனீங்களோ?"

பதில்கள் வரிசையில் வந்து நின்றன. சிக்னல் கிடைக்கவில்லை, கேட்டேன் ஆனால் இடம் தெரியவில்லை, வேறு வலை என்று நினைத்தேன். எல்லாம் நல்ல பதில்கள். விரலில் வலை இறுகியது.

"இல்லை," என்றேன். "கேக்கேல்ல. கண்ணாடி போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்று முழுவதும் ஊர் சிரித்தபோது சிரிக்காதவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்போதுதான் சிரித்தாள்.

மூன்று மணிக்கு வலை கடலுக்குப் போய், ஐந்தரைக்கு வந்தது. என்னையும் வள்ளத்தில் ஏற்றிப் போனார்கள். எதையும் தொட வேண்டாம் என்ற கண்டிப்போடுதான். நாலு பாரை, கொஞ்சம் ஓரா, ஒரு கூடை நண்டு. திருநாள் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் நாங்கள் கரைக்கு வந்தபோது, அன்று தொழிலுக்குப் போன ஒவ்வொரு வள்ளக்காரரும் ஒவ்வொரு மீனைக் கொண்டுவந்து சம்மாட்டியாரின் கூடையில் போட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. கூடை நிறைந்ததும் மணி அடித்தது. இங்கெர் அதன் கருத்து என்னவென்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றேன், அதுவும் உண்மைதான்.

சம்மாட்டியார் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நாளைக்குத் திருநாள். சாப்பிட்டிட்டுப் போம்," என்றார். காலையில் 'நீ'யாக இருந்தவன் 'நீர்' ஆகிவிட்டேன். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கிக்கொண்டேன்.

முதலாளி என்னை வேலையால் நிறுத்தினார். லார்ஸும் இங்கெரும் தங்கள் பயணத்திலேயே சிறந்த நாள் அதுதான் என்று அவருக்கு எழுதியதும், திரும்பக் கூப்பிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து அதே ஊர்க் கோயிலில் எங்கள் கலியாணம். நான் சைவக்காரன் என்பதால் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், விசேட அனுமதி எடுத்திருந்தோம். நறுவிலிக்குளத்திலிருந்து இரண்டு பஸ்ஸில் என் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் முன்வரிசையைப் பார்த்துப் பார்த்து அரை நொடி பிந்தி எல்லாவற்றையும் செய்தார்கள். பங்குச் சுவாமி என்னைப் பார்த்துக் கேட்டார், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று. "ஓம், சம்மதம்," என்றேன். கடைசி வரிசைவரை கேட்கத் தெளிவாகத்தான் சொன்னேன்.

முன்வரிசை வாங்கில் இருந்த சம்மாட்டியார் எழுந்து நின்றார்.

"சுவாமி, குறை நினைக்காதேங்கோ, ஒரு நிமிசம்," என்றார். பிறகு மகளிடம், "பிள்ளை, அவர் என்ன சொன்னவர் எண்டு ஒருக்காச் சொல்லு."

சுவாமி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஜெசிந்தா முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பி, "சம்மதம் எண்டவர் அப்பா. பிழையில்லாமத்தான் சொன்னவர்," என்றாள். ஊர்க்காரர் சிரித்த சிரிப்பில், அதையும் ஒரு சடங்கு என்று நினைத்து, என் சொந்தக்காரர் அரை நொடி பிந்தி எழுந்து நின்றார்கள்.

அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. மாமா மருந்தெடுக்கப் போனாலும் சரி, மாமியின் சகோதரிகள் வீட்டுக்கு வந்தாலும் சரி, நான் ஏதாவது சொன்னால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஜெசிந்தாவின் பக்கம் திரும்புவார்கள். நானும் பழகிவிட்டேன், சொல்லி முடித்ததும் நானே திரும்பிவிடுவேன். எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம் காய்ச்சலில் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, "அப்பாவுக்கு உலகத்திலயே உன்னிலதான் கூட விருப்பம்," என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் தலையைத் திருப்பி, "அம்மா, அப்பா என்ன சொல்றார்?" என்று கூப்பிட்டாள்.

ஜெசிந்தா கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பகிடியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டாள்.

"உண்மையைத்தான் சொல்றார், பிள்ளை," என்றாள்.